அந்த நாலு வாரத்தைக் கொடுங்கள்

தேசிய மருத்துவ ஆணையத்தின் இளநிலை மருத்துவக் கல்வி வாரியத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு சின்ன ஊரில் கிளினிக் வைத்திருக்கும் குடும்ப டாக்டர் நான். எம்பிபிஎஸ் மாணவர்கள் துறை துறையாகப் போய் நோயாளிகளைப் பார்த்துப் பழகுகிற கிளினிக்கல் போஸ்டிங்கில் குடும்ப மருத்துவத்துக்கு நாலு வாரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். பேருக்கு ஒரு நாள் வந்து லாக்புக்கில் கையெழுத்து வாங்கிப் போகிற போஸ்டிங் வேண்டாம், அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

என் கதையையே சொல்கிறேன். ஹவுஸ் சர்ஜன் முடித்து கிளினிக் போட்ட புதிதில் ஓர் அம்மா பேரனுக்குச் சளி என்று கூட்டி வந்தார். மருந்து எழுதிக் கொடுத்தேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பி, "டாக்டரே, ராத்திரியானா உள்ளங்கால் எரியுது, அதுக்கும் ஒரு மாத்திரை சேர்த்து எழுதிடுங்களேன்" என்றார். வெளியே பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டேன். மூன்று மாதம் கழித்து காலில் ஆறாத புண்ணோடு வந்தார், அன்றைக்குத்தான் சுகர் பார்த்தேன், முந்நூறுக்கு மேல். சர்க்கரை நரம்பைப் பாதிக்கும் என்பது எனக்குத் தெரியாததா? ஃபைனல் இயரில் அதே கேஸை பிரசன்ட் பண்ணி பேராசிரியரிடம் சபாஷ் வாங்கியவன் நான். ஆனால் வார்டில் நான் பார்த்தவர்கள் எல்லாம் நோயின் பெயர் எழுதிய கேஸ் ஷீட்டோடு கட்டிலில் படுத்திருந்தவர்கள். செருப்பு மாட்டும்போது சொல்லப்படுகிற நோயை எனக்கு யாரும் காட்டியதில்லை.

1961இல் கெர் ஒயிட் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் ஒரு கணக்குப் போட்டார்கள். ஆயிரம் பெரியவர்களை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு உடம்புக்கு ஏதோ ஒன்று வருகிறது, 250 பேர் டாக்டரைப் பார்க்கிறார்கள், 9 பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள், பல்கலைக்கழக ஆஸ்பத்திரி வரைக்கும் போகிறவர் ஒரே ஒருவர். அது அமெரிக்காவையும் பிரிட்டனையும் வைத்துப் போட்ட கணக்கு, நம்மூரில் எண்கள் மாறும், சரி. ஆனாலும் அந்த ஒருவரைக் காட்டித்தானே நாலரை வருஷமும் பாடம் நடத்துகிறோம்? டாக்டரிடம் வருகிற மிச்சம் 249 பேரை, படிப்பு முடிந்து போர்டு மாட்டியபிறகு, அவர்கள் உடம்பிலேயே கற்றுக்கொள்கிறோம்.

டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். வார்டில் மாணவர் பார்ப்பது ஐந்தாம் நாள் டெங்கு, பிளேட்லெட் எண்ணிக்கை எழுதி, டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். என்னிடம் வருவது இரண்டாம் நாள் காய்ச்சல். அது டெங்குவா, சாதாரண வைரஸா, டைபாய்டின் ஆரம்பமா, தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அன்றைக்கு டாக்டரின் வேலை என்ன? தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி, காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும் போதும், வலி மாத்திரை எதையும் கடையில் வாங்கிப் போடக்கூடாது என்று சொல்லி, அப்புறம் முக்கியமாக, வயிறு விடாமல் வலித்தாலோ, வாந்தி நிற்கவில்லை என்றாலோ, காய்ச்சல் விட்ட பிறகு கை கால் சில்லிட்டாலோ நேரம் பார்க்காமல் ஓடி வாருங்கள் என்று அந்த வீட்டில் இருப்பவருக்குப் புரிகிற மாதிரிச் சொல்லி அனுப்புவது. காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது என்று நினைக்கிற வீட்டில்தான் ஆபத்து. இதைப் புத்தகத்தில் படித்துவிடலாம். சொல்லி அனுப்பிய ஆள் மறுநாள் வருகிறாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் படிக்க முடியாது.

புதிதாக எதையும் நான் கேட்கவில்லை. 2019ஆம் வருஷத்து தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில், உங்கள் வாரியத்தின் வேலைகளைச் சொல்கிற 24ஆம் பிரிவிலேயே, ஆரம்ப சுகாதாரம், சமூக மருத்துவம், குடும்ப மருத்துவம் இவற்றின் தேவைக்கேற்பப் பாடத்திட்டம் வகுக்க வேண்டும் என்று இருக்கிறது. முதல் இரண்டுக்கும் போஸ்டிங் இருக்கிறது. மூன்றாவது?

சமூக மருத்துவத்திலேயே இது அடங்கிவிடும் என்பீர்கள். எங்கள் காலத்தில் அந்தப் போஸ்டிங்கில் பால் பண்ணை பார்த்தோம், குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் பார்த்தோம், நல்லதுதான், நோயாளியைத்தான் பார்க்கவில்லை. இப்போது ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்கிற குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் கொண்டு வந்திருக்கிறீர்கள். யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பஸ்ஸில் போய் இறங்கி, பிபி பார்த்து, குரூப் போட்டோ எடுத்துத் திரும்புவதோடு முடிந்துவிட்டால் வீண். ஒன்று செய்யலாமே. மாணவர் தத்தெடுத்த குடும்பம் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருமோ, அதன் ஓபியிலேயே இந்த நாலு வாரத்தில் பாதியைப் போடுங்கள். தன் வீட்டுப் பாட்டி மாதிரிப் பழகின ஒருத்தர் பிபி மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தினார் என்பது அப்போது தெரியும். மீதி இரண்டு வாரம் எங்களைப் போன்ற தனி கிளினிக்குகளில்.

சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே என்று கேட்காதீர்கள். குடும்ப மருத்துவத்தில் டிஎன்பி என்ற மேற்படிப்பு முடித்தவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். வேலூர் சிஎம்சியில் அதற்கென்று ஒரு துறையே நடக்கிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் குடும்ப மருத்துவத்துக்கென்று பேராசிரியர் பதவி ஏற்படுத்தியது 1963இலேயே. எங்களுக்கு ஒரு வாரப் பயிற்சியும், மாணவரை மதிப்பிடும் அதிகாரமும் கொடுங்கள். மார்க் இல்லாத போஸ்டிங்குக்கு யாரும் வரமாட்டார்கள், பிஜி நுழைவுத்தேர்வுக்குப் படிக்க லைப்ரரிக்குப் போய்விடுவார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்வேன்.

என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் காலியாகத்தான் கிடக்கிறது. திங்கட்கிழமை கூட்டம் தாங்காது, செவ்வாயிலிருந்து அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குடும்ப டாக்டர்