ஏப்ரலோடு காலாவதியான என் ஆங்கிலம்: சேர்க்கைப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

பகுதிநேரப் பட்டப்படிப்புச் சேர்க்கைப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தாதிமைப் பட்டப்படிப்புக்கு நான் அனுப்பிய விண்ணப்பம் உங்களிடம் இருக்கிறது. கதை முழுக்க உங்களுக்குத் தெரியும். 2025 ஜூலை 31 அன்று எனக்கு அனுப்பிய மின்னஞ்சலும் நினைவிருக்கும். மறுநாள் ஆகஸ்ட் 1, தாதியர் தினம். வார்டில் கேக் வெட்டினார்கள். சிங்கப்பூரில் தாதிமை 1885-இல் தொடங்கிய கதையை மேலிடத்திலிருந்து வந்த ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கையில் கேக் தட்டு, மறு கையில் கைப்பேசி என்று நின்றபடி உங்கள் கடிதத்தை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். என் ஆங்கிலத் தகுதிச் சான்று காலாவதியாகிவிட்டதாம். புதுச் சான்று இல்லாமல் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க முடியாதாம்.

காலாவதி எனக்குப் பழகிய சொல்தான். ஒவ்வொரு ஷிஃப்டிலும் மருந்துப் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அந்தத் தேதிக்காகத்தானே. இன்சுலின் காலாவதியாகும். ட்ரிப் பை காலாவதியாகும். ஆங்கிலத்திலேயே பள்ளிப் படிப்பை முடித்து, ஆங்கிலத்திலேயே 18 வருடம் வேலை பார்த்த 41 வயதுக்காரியின் ஆங்கிலமும் காலாவதியாகும் என்பதை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நான் கேட்பது சின்ன விஷயம். 2023 ஏப்ரலில் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் நான் வாங்கிய மதிப்பெண்ணை, அதற்குப் பிறகும் நான் ஆங்கிலத்தில்தான் வேலை பார்க்கிறேன் என்பதற்கான அத்தாட்சியோடு சேர்த்து ஏற்றுக்கொள்ளுங்கள். முடியாதென்றால் உங்கள் வளாகத்திலேயே ஒரு தேர்வு வையுங்கள். நாளைக்கே வருகிறேன்.

உங்கள் படிவத்தில் முதல் கட்டம் உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வின் (ஓ லெவல்) ஆங்கில மதிப்பெண்ணைக் கேட்கிறது. எனக்கு அது கிடையாது. நான் தொழிற்கல்விக்குத் தயார்செய்யும் வழக்கநிலைத் தொழில்நுட்பப் பிரிவில் படித்தவள், எங்களை அந்தத் தேர்வுக்கு உட்கார வைக்கவில்லை. அங்கிருந்து தொழில்நுட்பக் கல்விக் கழகம், பிறகு வேலை, வேலைக்கு நடுவே பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் என்று சுற்றி வளைத்துப் பதிவுபெற்ற தாதியானேன். எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில், எல்லாத் தேர்வும் ஆங்கிலத்தில். 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து அந்தப் பிரிவுகளையே எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் உங்கள் படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் இருக்கிறது, அதில் நான் போட்ட சிறு கோடும் இருக்கிறது.

கோடு போட்டவர்களுக்கு ஐஇஎல்டிஎஸ், அதன் சான்று இரண்டு வருடம்தான் செல்லும். மொத்தத்தில் 6.5, நான்கு பகுதியில் எதிலும் 6.5-க்குக் குறையக் கூடாது என்பது உங்கள் விதி. விதி என்றால் விதி, எழுதினேன். முதல் தடவை 2023 ஜனவரியில், இரவு ஷிஃப்ட் முடிந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே தேர்வறைக்குப் போனேன். கேட்டலில் 8, வாசிப்பில் 7, பேச்சில் 7.5. எழுத்தில் 6. மொத்தம் 7 வந்தும் அந்த அரைப் புள்ளியில் கதவு சாத்திக்கொண்டது. ஒரு தடவை எழுத முந்நூறு வெள்ளிக்கு மேல். போகட்டும்.

அந்த 6 ஏன் வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். எழுத்துத் தேர்வில் ஒரு வரைபடத்தைக் காட்டி 150 சொற்களாவது எழுதச் சொல்வார்கள், அடுத்து 250 சொற்களில் ஒரு கட்டுரை. எனக்கு வரைபடம் புதிதா? கட்டில் கால்மாட்டில் தொங்குகிற காய்ச்சல் வரைபடம், இரத்த அழுத்த வரைபடம், உள்ளே போன நீர், வெளியே வந்த நீர் என்று நாள் முழுக்கப் பார்ப்பது அதைத்தான். ஆனால் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு எழுத்து. '11.40. பிபி 88/50. டாக்டருக்குச் சொல்லியாச்சு. 15 நிமிடத்தில் மறுபடி பார்க்கணும்.' ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்றரை வரி. அதை 150 சொல்லாக இழுத்தால் நர்ஸ் மேனேஜர் கூப்பிட்டுத் திட்டுவார், அவர் திட்டி முடிப்பதற்குள் நோயாளியின் பிபி இன்னும் இறங்கியிருக்கும். தேர்வறையில் என் கை பழக்கத்தில் ஒன்றரை வரியில் நின்றுவிட்டது. மீதி நேரம் முழுக்கச் சொல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தடவை இழுத்து எழுதக் கற்றுக்கொண்டு போனேன். 2023 ஏப்ரலில் எழுத்திலும் 6.5. நீங்களும் இடம் கொடுத்தீர்கள்.

ஜூன் மாதம் ஒரு காலையில் அம்மா காப்பி கலக்கிக்கொண்டிருந்தார். 'சாவி போடவா?' என்று கேட்டார். கையில் சீனி டப்பா. என்னம்மா என்றேன். மறுபடி 'சாவி' என்றார், எரிச்சலோடு, நான்தான் செவிடு என்பது போல. நான் தாதி. முகத்தைப் பார்த்தேன், இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன், வலது கை பாதியில் இறங்கியது, 995-க்கு அழைத்து ஆம்புலன்ஸை வரவழைத்தேன். பக்கவாதம். உயிர் தப்பியது. பேச்சுதான் போனது.

உங்களுக்கு அப்போதே எழுதினேன், இந்த முறை சேர முடியவில்லை என்று. நீங்கள் அனுப்பிய பதில் அன்பான பதில், அதை இன்னும் வைத்திருக்கிறேன். நிலைமை சரியானதும் மீண்டும் விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தீர்கள். சான்றில் தேதி ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். எனக்கும் தோன்றவில்லை, எனக்கு வேறு கணக்கு இருந்தது.

பேச்சுப் பயிற்சிக்குப் படம் போட்ட அட்டைகள் கொடுத்தார்கள். குடை, சீப்பு, கத்தரிக்கோல். கீழே பெயர் ஆங்கிலத்தில். ஒவ்வொன்றின்மேலும் ஒரு மஞ்சள் துண்டுத்தாளை ஒட்டித் தமிழில் எழுதினேன். 'குடை' வர ஆறு வாரம் ஆனது. 'சீப்பு' இன்றைக்கும் சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளில் அட்டையைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஒருவரிடமிருந்து மொழி எப்படிப் போகும் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். சான்றிதழின் மூலையைத் திருப்பி 24 மாதம் முடிந்ததா என்று சரிபார்த்துவிட்டு அது போகவில்லை.

அந்த இரண்டு வருடத்தில் என் ஆங்கிலத்துக்கு ஓய்வு இருந்ததா என்றால், இல்லை. வார்டில் நேரத்தைக் குறைத்துக்கொண்டாலும் வேலையை விடவில்லை. வீட்டில் அம்மாவுக்கான மருத்துவர் சந்திப்பு, உதவித்தொகைப் படிவம், சக்கர நாற்காலிக்கான விண்ணப்பம், பணிப்பெண்ணுக்கான கடிதம் எல்லாம் ஆங்கிலத்தில்தான். வார்டில் தமிழ் மட்டும் தெரிந்த பாட்டி யாராவது வந்தால் பக்கத்து வார்டிலிருந்துகூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன மாதம் ஒரு பாட்டி, அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்டு டாக்டர் பேசப் பேச, என் கையைப் பிடித்துக்கொண்டு, 'மிஸ்ஸி, கத்தி வச்சே ஆகணுமான்னு கேளும்மா' என்றார். கேட்டேன். டாக்டர் சொன்ன ஆபத்துகள் ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னேன், பாட்டியின் கேள்விகளை ஆங்கிலத்தில் சொன்னேன். பாட்டி பெருவிரல் வைத்தார். 2020-இல் கொரோனா வந்து எக்ஸ்போ மண்டபத்தில் நூற்றுக்கணக்கான வெளிநாட்டு ஊழியர்கள் படுத்திருந்தபோதும் இதையேதான் செய்தேன். அப்போதெல்லாம் என் சான்றில் தேதி என்ன என்று யாரும் கேட்கவில்லை.

ஐஇஎல்டிஎஸ் நடத்துகிறவர்கள் பல்கலைக்கழகங்களுக்குச் சொல்லும் பரிந்துரையும் நீங்கள் சொல்வதைப் போல இறுக்கமானதில்லை. இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட மதிப்பெண்ணை ஏற்பதானால், இடையில் ஆங்கிலத்தைத் தக்கவைத்துக்கொண்டதற்கோ வளர்த்துக்கொண்டதற்கோ ஆதாரம் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் அது. நியாயம்தான். தேர்வெழுதிவிட்டு இரண்டு வருடம் ஆங்கிலமே காதில் விழாத ஊரில் இருந்தால் நாக்கு துருப்பிடிக்கும், மறுக்கவில்லை. நான் எங்கேயும் போகவில்லையே. ஆதாரமாக நர்ஸ் மேனேஜரின் கடிதம், வேலைச் சான்று, வார்டில் நான் நடத்திய பயிற்சி வகுப்புகளின் விவரம் மூன்றையும் இணைத்திருந்தேன். படித்ததாக உங்கள் பதிலில் ஒரு சொல்கூட இல்லை.

தொலைபேசியில் அழைத்தும் பார்த்தேன். எடுத்த பையன் இனிமையானவன், அவன்மேல் குறை சொல்ல மாட்டேன். 'சாரி மேடம், சிஸ்டம் கெனாட் அக்செப்ட் லா' என்றான். என் ஆங்கிலத் தகுதியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

மேலும் விளக்கம் கேட்டதற்கு, பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் பிரிட்டனில் இருக்கிறது, ஆங்கிலம் பெரும்பான்மை மொழியாக உள்ள நாடுகள் என்று அந்த அரசாங்கம் விசாவுக்கு வைத்திருக்கும் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை என்று எழுதினீர்கள். உண்மைதான், இல்லை. மால்டா இருக்கிறது, ஜமைக்கா இருக்கிறது. இருக்கட்டும், அவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் நான் விசா கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு மாலை, வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் வந்து உங்கள் வகுப்பில் உட்காரப் போகிறேன், அவ்வளவுதான்.

இந்தப் பட்டியலைப் பற்றி அம்மாவுக்குச் சொல்ல முயன்றேன். அம்மா உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளியை 1982-இல் மூடிவிட்டார்கள். தமிழில் படித்தவருக்குத் தொழிற்சாலையில் லைன் வேலைதான் கிடைத்தது. அதனால், 'தமிழ் தானா வந்துரும், நீ இங்கிலீஷைப் பிடிச்சுக்க பாப்பா' என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார். 1987-க்குள் எல்லாப் பள்ளியும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு, தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. என் பிள்ளைகள் எந்தக் கணக்கில் இருக்கிறார்கள் என்பதைச் சொல்ல எனக்கே வெட்கம். பாட்டிக்கு அட்டை காட்டும்போதுதான் அவர்கள் 'கத்தரிக்கோல்' என்ற சொல்லையே கற்றுக்கொண்டார்கள். வீட்டுத் தமிழை விற்று ஆங்கிலம் வாங்கிய தலைமுறை நாங்கள். இப்போது நீங்கள் ரசீது கேட்கிறீர்கள், ரசீதைக் காட்டினால் தேதி போய்விட்டது என்கிறீர்கள்.

பேச்சு எங்கேயோ போய்விட்டது. மன்னிக்கவும். தேசிய தினம் நெருங்குகிறது, இந்த 2025-இல் நாட்டுக்கு 60 வயது, வீட்டுக்கு வீடு கொடி. எனக்கும் அரசாங்கத்தின் 600 வெள்ளி எஸ்ஜி60 பற்றுச்சீட்டு வந்தது. அரிசி வாங்கியாகிவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு தேர்வுக்குக் கட்டணமாகியிருக்கும், ஆனால் அங்கே அதை வாங்க மாட்டார்கள்.

பணத்துக்காக மட்டும் இதை எழுதவில்லை. மூன்றாவது தடவையும் எழுதி வாங்கிவிடலாம். ஆனால் இதே விதியால் என் வார்டிலேயே இன்னும் இரண்டு பேர் விண்ணப்பப் படிவத்தைத் திறந்து, முதல் கட்டத்தைப் பார்த்து, மூடி வைத்திருக்கிறார்கள். ஒருவர் மலாய்க்கார அக்கா, 25 வருட அனுபவம், எனக்கு ஊசி போடச் சொல்லிக்கொடுத்தவர். 'நீ போய்ப் பாரு, உனக்குக் கொடுத்தா நானும் போடறேன்' என்றார். அவருக்கு என்ன பதில் சொல்ல?

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில மதிப்பெண் போதாத மாணவர்களுக்கு அங்கேயே ஒரு தகுதித் தேர்வு வைக்கிறார்கள். தேறாவிட்டால் பட்டப் பாடங்களோடு ஆங்கிலப் பாடமும் எடுக்க வேண்டும். வாசலில் நிறுத்துவதில்லை, உள்ளே கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் பாதியாவது உங்களால் செய்ய முடியாதா?

ஆகவே மறுபடியும், பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். என் 2023 ஏப்ரல் மதிப்பெண்ணை இணைப்பிலுள்ள ஆதாரங்களோடு சேர்த்துப் பரிசீலியுங்கள். இல்லையென்றால் ஒரு தேர்வு வையுங்கள். வரைபடம் கொடுத்தாலும் சரி, எழுதுகிறேன்.

இம்மடலின் ஆங்கிலப் படியையும் அனுப்பியிருக்கிறேன். 250 சொற்களுக்கு மேலேயே இருக்கிறது, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். விண்ணப்பம் இம்மாதக் கடைசியில் மூடுகிறது. இந்த வாரம் எனக்கு இரவு ஷிஃப்ட். அழைப்பதாக இருந்தால் காலை எட்டரைக்குப் பிறகு, அம்மாவின் பயிற்சி தொடங்கும் பத்து மணிக்கு முன்னால் அழையுங்கள்.

இப்படிக்கு,
பணிவுடன்,
உங்கள் விண்ணப்பதாரரான ஒரு தாதி