மூன்று முன்மொழிவுகளும் ஒரு மொழியும்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் நிறுவனத்தின் உள் பயன்பாட்டுக்கென்று, தரவுக்கான விதிகளை எழுதத் தொடங்கிய அந்தச் சிறிய நிரல்மொழி இன்று பல குழுக்களின் கைக்குப் போயிருப்பதும், அதை வளர்க்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகின்றன. தரவில் ஒரு மதிப்பு இல்லாதபோது மொழி என்ன செய்ய வேண்டும் என்பது பற்றி ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று முன்மொழிவுகள் வந்திருக்கின்றன, வாக்கெடுப்பு நடத்தி முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தேவைகளை முழுமையாக எழுதி முடித்துவிட்டால் அவற்றுக்கு ஏற்ற முன்மொழிவைத் தேர்ந்தெடுப்பது எளிது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வழியை வேறு எவரையும்விட முறையாகப் பின்பற்றியது அடா மொழி. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் நூற்றுக்கணக்கான நிரல்மொழிகள் புழங்கிவந்த காலத்தில், 1975இல் ஒரு பணிக்குழு பொதுவான மொழிக்குரிய தேவைகளை எழுதத் தொடங்கியது. ஸ்ட்ராமேன் (வைக்கோல் மனிதன்) என்ற முதல் வரைவு பலரின் விமர்சனங்களை ஏற்று வுடன்மேன் (மரம்), டின்மேன் (தகரம்), அயர்ன்மேன் (இரும்பு) என்று இறுகிக்கொண்டே வந்து, 1978இல் ஸ்டீல்மேன் (எஃகு) ஆனது. ஆனால் கால வரிசையைக் கவனித்துப் பார். நான்கு நிறுவனங்களிடம் வடிவமைப்பு வேலை கொடுக்கப்பட்டது 1977இல். யாருடைய வடிவமைப்பு என்று மதிப்பிடுவோருக்குத் தெரியாமலிருக்க அவற்றுக்குப் பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நிறப்பெயர்கள் இட்டார்கள். அந்த முதல் வடிவமைப்புகள் வந்து சேர்ந்த பிறகுதான் தேவைகளின் இறுதி வடிவமான ஸ்டீல்மேன் எழுதப்பட்டது. 1979இல் ழான் இக்பியா தலைமையிலான பச்சை வடிவமைப்பு தேர்வாகி, அடா மொழியாயிற்று. இவ்வளவு முறையாகச் செய்தவர்களுக்கே, முன்மொழிவுகளைக் கண்ணால் பார்த்த பின்புதான் தேவை முழுதாகப் பிடிபட்டது.

இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கூகுள் உருவாக்கிய கோ என்ற நிரல்மொழி. 2009இல் அது வெளிவந்த நாளிலிருந்தே ஜெனரிக்ஸ், அதாவது ஒரு செயற்கூற்றைப் பல தரவு வகைகளுக்கும் பொதுவாக எழுதும் வசதி, வேண்டும் என்ற கோரிக்கை ஓயவில்லை. ஒரே செயற்கூற்றை எண்களுக்கும் சரங்களுக்கும் தனித்தனியாக எழுத வேண்டியிருக்கிறது என்பது நிரலாளர்களின் நியாயமான குறை. அந்த ஆண்டின் இறுதியிலேயே கோ குழுவைச் சேர்ந்த ரஸ் காக்ஸ் சிக்கலை மூன்று முனைகளாக வைத்தார்: இந்த வசதி இல்லாவிட்டால் நிரலாளர் மெதுவாகிறார், ஒவ்வொரு வகைக்கும் தனி நகல் உருவாக்கினால் நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலர் மெதுவாகிறது, நிரலும் பருத்துவிடுகிறது, எல்லா வகைக்கும் ஒரே நகல் போதும் என்றால் நிரலின் ஓட்டம் மெதுவாகிறது. ஆகவே யாரைக் காக்க வைப்பது என்பதே உண்மையான கேள்வி. அதே குழுவின் இயன் லான்ஸ் டெய்லர் 2010 முதல் பல முன்மொழிவுகளை எழுதினார். அவற்றின் குறைகளையும் அவரே வெளிப்படையாகப் பதிவுசெய்தார். ஒரு முன்மொழிவை எழுதியவரே அதன் எதிர்வாதத்தையும் எழுதும் அந்த நேர்மையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

2018இல் வந்த வரைவு, வகைகளுக்கான கட்டுப்பாடுகளைச் சொல்ல 'கான்ட்ராக்ட்' என்ற புதிய அமைப்பைக் கொண்டுவந்தது. அதற்கும், ஒரு வகைக்கு இருக்க வேண்டிய செயல்களைப் பட்டியலிடும், மொழியில் ஏற்கெனவே இருந்த இன்டர்ஃபேஸுக்கும் என்ன வேறுபாடு என்று படித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குச் செவிசாய்த்து, 2020இல் கான்ட்ராக்டை நீக்கிவிட்டு இன்டர்ஃபேஸையே விரிவுபடுத்தினார்கள். புதிய வசதி வந்தும் மொழியில் கருத்துகளின் எண்ணிக்கை பெருகவில்லை. அடைப்புக்குறியின் கதையும் அப்படித்தான். மற்ற மொழிகளைப் போலக் கூர்முனைக் குறிகளை ஏன் வைக்கக்கூடாது என்று பலர் கேட்டார்கள். இந்த வரியைப் பார்:

அ, ஆ = ப < ம, ய > (வ)

இது இரண்டு ஒப்பீடுகளின் விடைகளை இரண்டு மாறிகளில் இடுவதாகவும் இருக்கலாம்; ம, ய என்ற இரு வகைகளைக் கொடுத்து 'ப' என்ற செயற்கூற்றை அழைப்பதாகவும் இருக்கலாம். பெயர்கள் எதைக் குறிக்கின்றன என்று தெரியாமல் கம்பைலரால் பிரித்தறிய முடியாது. வகைத் தகவல் இல்லாமலே நிரலின் அமைப்பைப் படிக்க முடிய வேண்டும் என்பதை அந்த மொழி விட்டுக்கொடுக்கவில்லை; சதுர அடைப்பைத் தேர்ந்தெடுத்தது. 2022 மார்ச்சில் 1.18ஆம் பதிப்பில் ஜெனரிக்ஸ் வெளிவந்தபோது, அதன் செயலாக்கம்கூட தனி நகல், ஒரே நகல் என்ற இரு முனைகளுக்கும் நடுவே அமைந்தது: நினைவகத்தில் ஒரே அமைப்புக் கொண்ட வகைகள் ஒரு நகலைப் பகிர்ந்துகொள்கின்றன. பன்னிரண்டு ஆண்டுகள் அதிகம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனெனில் 2010இல் அவசரப்பட்டிருந்தால் வேறொரு வடிவத்தை இன்றுவரை சுமந்துகொண்டிருந்திருப்பார்கள்.

இனி உன் சிக்கலுக்கு வருகிறேன். மதிப்பில்லாத இடத்தை எளிதாகக் கடந்துவிடலாம் என்ற ஆசைக்கு நீண்ட வரலாறு உண்டு. கணினி அறிஞர் டோனி ஹோர் 1965இல் அல்கால் டபிள்யூ மொழியில், எதையும் குறிக்காத வெற்றுச் சுட்டியைச் சேர்த்தார். செயலாக்குவது மிக எளிதாக இருந்ததே அதற்குக் காரணம் என்று 2009இல் அவரே வருந்திச் சொன்னார். உன்னிடம் வந்த மூன்றில் ஒன்று உடனே பிழை காட்டி நிறுத்தச் சொல்கிறது; ஒன்று, தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல் செய்வதுபோல், மதிப்பின்மையைக் கணக்கின் இறுதிவரை கடத்தச் சொல்கிறது; மற்றொன்று, மதிப்பு இல்லாமலிருக்கலாம் என்று விதி எழுதுபவரே முன்கூட்டி அறிவிக்கக் கோருகிறது. மூன்றும் ஒரே கேள்விக்கான விடைகள் அல்ல என்பது என் ஐயம். முதலாவதை எழுதியவர்கள் தவறான முடிவு வெளியே போய்விடக்கூடாது என்று அஞ்சுகிறார்கள். இரண்டாவதை எழுதியவர்கள் அரைகுறைத் தரவோடு அன்றாடம் வேலை செய்பவர்களாக இருக்க வேண்டும். மூன்றாவது, பிறர் எழுதிய விதிகளைப் பிற்காலத்தில் படித்துத் திருத்தப்போகிறவர்களின் குரல். இப்போதே வாக்கெடுத்தால் எந்தக் குழுவில் ஆட்கள் அதிகம் என்பது மட்டுமே தெரியவரும்.

ஆகையால் நடைமுறையில் ஓடிக்கொண்டிருக்கும் விதிகளிலிருந்து சிக்கலான சிலவற்றைப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொரு குழுவும் அவற்றைத் தன் முன்மொழிவின்படி எழுதட்டும். பிறகு எதிர்த்தரப்பின் முன்மொழிவின்படியும் எழுதட்டும். இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். கடைசியில் எதை ஏற்றாலும், ஏற்காதவற்றையும் அதற்கான காரணங்களையும் அதே ஆவணத்தில் எழுதி வை. பைத்தான் மொழியில் மாற்றங்களை முன்மொழியும் பெப் ஆவணங்களில் நிராகரிக்கப்பட்ட யோசனைகளுக்கென்று தனிப் பகுதி ஒதுக்கும் வழக்கம் உண்டு. ஒரு கோவைக்குள்ளேயே மாறிக்கு மதிப்பு இடும் வசதி பற்றியதும் 2018இல் பெரும் சர்ச்சைக்குள்ளானதுமான 572ஆம் ஆவணத்தில் அந்தப் பகுதியை மட்டும் பொறுமையாகப் படித்துப் பார். அதே கேள்விகள் உன் குழுவிலும் ஒருநாள் எழும்.

அந்த விதிகளைத் தேர்ந்தெடுத்ததும் மூன்று முன்மொழிவுகளோடு சேர்த்து எனக்கும் அனுப்பு. மூன்றின்படியும் நானே எழுதிப் பார்த்து, எங்கெங்கே தடுமாறினேன் என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்