உன் பேரும் சொன்னார்கள்

அன்பு ராசாவுக்கு,

கஜகஸ்தான் கல்யாணம் முடிந்து நல்லபடியாக அல்மாட்டி நகரத்துக்குத் திரும்பிவிட்டோம். நாளை ராத்திரி விமானம். போனில் பாதிதான் சொன்னேன், மீதியை எழுதிவிடுகிறேன்.

ஹாஸ்டலில் உன்னோடு ஒரே அறையில் இருந்த பையன் கல்யாணத்துக்கு நீ இல்லாமல் போகிறோமே என்று வழியெல்லாம் வருத்தம். வாசலிலேயே அவன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். கதவுக்கு நேர் எதிரே உள்ளே தள்ளி இருக்கும் இடத்தைத் 'தோர்' என்கிறார்கள். பெரிய விருந்தாளிக்கு உரிய இடம். எங்களை அங்கேதான் உட்கார வைத்தார்கள். அவித்த ஆட்டுத்தலையை அப்பா முன்னால் வைத்தார்கள். அவர் காதை அறுத்து அங்கிருந்த குட்டிப் பையனுக்குக் கொடுத்தார். பெரியவர்கள் சொல் கேட்டு வளரட்டும் என்று அப்படிக் கொடுப்பார்களாம்.

டீயைக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுகிறார்கள். முதலில் மனசு சுருங்கியது. அப்புறம் அவன் தங்கை விளக்கினாள்: நிறைய ஊற்றினால் கிளம்பச் சொல்வது போலாகிவிடும்; கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால்தான் விருந்தாளி அதிக நேரம் இருப்பார். அன்றைக்கு நான் எத்தனை கிண்ணம் குடித்தேனோ!

மறுநாள் 'பெத்தாஷார்', பெண்ணின் முகம் திறக்கும் சடங்கு. முக்காடு போட்ட பெண்ணை நடுவில் நிறுத்தி, ஒருவர் தோம்ப்ரா என்ற தந்தி வாத்தியத்தை மீட்டிக்கொண்டே மாப்பிள்ளை வீட்டு உறவுகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பாடினார். பெயர் வரவர அவள் குனிந்து வணங்குகிறாள், அவர்கள் முன்னால் போய்ப் பணம் வைக்கிறார்கள். நம் மொய் மாதிரிதான். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பாட்டில் 'இந்தியா' என்று கேட்டது. அடுத்து உன் பேர். அந்தப் பெண் எங்கள் பக்கம் திரும்பிக் குனிந்தாள். ராசா, எனக்குக் கை ஓடவில்லை. அப்பாதான் என் கையில் பணத்தைத் திணித்து முன்னால் அனுப்பினார். முக்காட்டை விலக்கியதும் அவள் முகத்தைப் பார்த்தேன், சின்னப் பெண், கண்ணெல்லாம் ஈரம். நம் வீட்டுக்கு வந்த மருமகளைப் பார்ப்பது போலவே இருந்தது.

கிளம்பும்போது அவன் அம்மா ஒரு பை கொடுத்தார். விருந்தில் மிஞ்சியதை வராதவர்களுக்குக் கட்டிக் கொடுப்பதைச் 'சார்கித்' என்கிறார்கள். மிட்டாய், பவுர்சாக் என்ற பொரித்த மாவுப் பலகாரம், உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டை. எல்லாம் உனக்குத்தான், நான் பிரிக்கவில்லை. ஊருக்குப் போனதும் கூரியரில் அனுப்புகிறேன். கிடைத்த அன்றைக்கே அவன் அம்மாவுக்குப் போன் பண்ணு.

அம்மா