எங்கள் சமத்துவபுரத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

நூறு வீடுகளுக்கும் பழுதுபார்க்கும் வேலை முடிந்து வெள்ளையடித்தாகிவிட்டது. இந்த நேரத்தில் நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லிவிடுவோம் என்று குடியிருப்போர் கூட்டத்தில் பேசினோம். எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். சிறுமியாக இங்கே குடிவந்தவள் நான்.

1997இல் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்களின் பெயர்களையே அரசு எடுத்துவிட்டது. அந்தச் சூழலில்தான், எல்லாச் சாதியினரும் ஒரே குடியிருப்பில் அக்கம்பக்கமாக வாழ வேண்டும் என்று கலைஞர் கருணாநிதி பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டத்தைக் கொண்டுவந்தார். திருமங்கலம் அருகே மேலக்கோட்டையில் முதலாவது சமத்துவபுரம் 1998இல் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10 என்பது கணக்கு.

இந்தக் கணக்கு மட்டும் இருந்தால் போதாது. அதனால் எங்கள் ஊரில் எந்த வீடு யாருக்கு என்று குலுக்கல் நடத்திய அலுவலர்களுக்கே முதல் நன்றி. "எங்கள் ஆட்களை ஒரே வரிசையில் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டு வந்தவர்கள் எல்லாச் சாதியிலும் இருந்தார்கள் என்று அப்பா சொல்வார். சீட்டில் வந்த எண்தான் வீடு என்று அந்த அலுவலர்கள் உறுதியாக நின்றார்கள். அன்று அவர்கள் இளகியிருந்தால், பெரியார் சிலையை வாசலில் வைத்துக்கொண்டு உள்ளே பழையபடி ஊரையும் சேரியையும் கட்டியிருப்போம்.

அடுத்து, முதல் வருடங்களில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடாமல் தங்கிய பெரியவர்கள். சொந்த ஊரில் அவர்களைக் கல்யாண வீட்டுக்குக்கூடச் சிலர் அழைக்கவில்லை. இங்கேயும் தண்ணீர்க் குழாயடியில் சண்டை ஓயாது. ஆனால் வாய்த்தகராறில் யாராவது சாதிப் பெயரை எடுத்தால், அவருடைய சொந்தக்காரர்களே முதலில் அதட்டி நிறுத்தினார்கள். அப்படி அதட்டிய ஆச்சிமார்களையும் மதினிமார்களையும் நாங்கள் மறக்கவில்லை.

இங்கே நடந்த முதல் சாவு எங்கள் எல்லோருக்கும் சோதனையாக வந்தது. இறந்தவரின் சொந்தக்காரர்கள் வந்து, உடலைத் தங்கள் ஊர்ச் சுடுகாட்டுக்கே கொண்டுபோக வேண்டும் என்று நின்றார்கள். அவருடைய மகன்கள் இருவரும், "அப்பா இந்த ஊர்க்காரர், இங்கேதான் அடக்கம்" என்று சொல்லிவிட்டார்கள். சரி, கேதம் (சாவுச் செய்தி) சொல்லப் போவது யார்? குழி வெட்டுவது யார்? பழைய ஊரில் இதையெல்லாம் ஒரே தெருவின் தலையில் கட்டியிருந்தார்கள். மறுத்தால் அடி விழும். இங்கே எந்த வேலை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. ஆளுக்கொரு சைக்கிளில் நாலா பக்கமும் கேதம் சொல்லப் போனார்கள். மண்வெட்டி வைத்திருந்தவர்கள் குழி வெட்டினார்கள். உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரும் நீர்மாலைக்கு எல்லா வீட்டுப் பெண்களும் போனார்கள். வேறு வேறு சாதியைச் சேர்ந்த நான்கு பேர் பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். அதற்கு முன் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. அந்த அண்ணன்மாருக்கும், ஊர்ப்பகையைத் தாங்கிக்கொண்ட அந்த இரண்டு மகன்களுக்கும் எங்கள் நன்றி என்றும் உண்டு.

அடுத்தடுத்த தெருப் பிள்ளைகள் ஒருவரையொருவர் விரும்பியபோது நாங்கள் எல்லோரும் ஒரே மனதாக நின்றுவிடவில்லை. ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்களுக்கும் சம்பந்தம் என்றதும் முகம் மாறியது. அந்த நாட்களில் பெண்ணைத் தன் வீட்டில் வைத்துக் காத்த சத்துணவு அமைப்பாளர் அக்காவுக்கும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவுத் திட்டத்தில் அவர்களுக்குக் கலப்புத் திருமண நிதியுதவி கிடைக்கும் வரை அலைந்த சமூக நலத்துறை அலுவலருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தத் தம்பதியின் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

கூலி பாராமல் எங்களோடு நின்று வேலை பார்த்த கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும், நூலகத்துக்குப் புத்தக அலமாரி தந்த ஆசிரியர்களுக்கும் நன்றி. நூலகம் மாலையில் திறந்திருக்கிறது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் வந்து படிக்கலாம், அவர்களைத் தயங்காமல் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
சமத்துவபுரம் குடியிருப்போர் அனைவரின் சார்பாகவும்,
உங்கள் ஊர் மகள்