எனக்கு முன்னாடி இந்த கேமராவ திறந்தவருக்கு

அண்ணே வணக்கம்,

நீங்க அண்ணனா அக்காவான்னு எனக்கு தெரியாது, பேரும் தெரியாது, ஆனா உங்க கட்டைவிரல் ரேகை எனக்கு அத்துப்படி. டாப் கவரோட உள்பக்கத்துல எண்ணெய்க் கையோட பதிஞ்சு அப்படியே காஞ்சு போய் இருக்கு. உள்பக்கத்த எவன் பாக்கப் போறான்னு விட்டிருப்பீங்க. நான் பாத்துட்டேன்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. எழுபதுகள்ல ஜப்பான்ல செஞ்ச, லென்ஸ் கழட்ட முடியாத ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது ரெண்டு பிம்பத்த ஒண்ணா சேத்து ஃபோகஸ் பாக்கற கேமரா, யாஷிகா எலக்ட்ரோ, கேனனெட் அந்த ஜாதிதான். மாடல் பேர மட்டும் சொல்லல, இத படிச்சிட்டு "ஐயையோ இது நம்ம பழைய கேமராவாச்சே"ன்னு நீங்க சங்கடப்படக் கூடாது பாருங்க. ஷட்டர் சரி, லென்ஸ் சுத்தம், எல்லாம் ஓகே, வியூஃபைண்டர்ல கண்ண வெச்சா மட்டும் குளிச்சிட்டு வந்த பாத்ரூம் கண்ணாடி மாதிரி ஒரே வெள்ளை. பழைய கேமரான்னா அப்படித்தான், உள்ள இருக்கற கிரீஸ்ல இருந்து எண்ணெய் ஆவியாகி கண்ணாடில படியும், அதுல தூசி ஒட்டும், தொடச்சா போச்சுன்னு நினைச்சேன். அப்புறம்தான் நடுவுல தெரிய வேண்டிய அந்த குட்டி மஞ்சள் கட்டத்த தேடினேன். இல்ல. முன்னாடி இருக்கற சின்ன ஜன்னல விரலால மூடிப் பாத்தேன், தெறந்து பாத்தேன், ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. ரேஞ்ச்ஃபைண்டர் உயிரோட இருந்தா விரல் வெச்சதும் ரெண்டாவது பிம்பம் டக்குனு மறையணும். இங்க மறையறதுக்கே ஒண்ணும் இல்ல.

சரின்னு கவர கழட்ட உக்காந்தேன். ரீவைண்ட் குமிழ், உள்ள இருக்கற கவைய ஒரு குச்சியால புடிச்சிக்கிட்டு குமிழ திருப்பினா வந்துடும், அது வந்துடுச்சு. பக்கத்து ஸ்க்ரூகிட்ட வந்தா, அண்ணே, கூட்டல் குறி இருக்க வேண்டிய எடத்துல ஒரு வட்டக் குழி. என்ன பண்ணீங்கன்னு புரிஞ்சிது. ஜப்பான் ஸ்க்ரூவும் நம்ம கைல இருக்கற சாதாரண ஸ்டார் ஸ்க்ரூட்ரைவரும் பாக்க ஒண்ணு போலதான் இருக்கும், ஆனா குழியோட வடிவம் கொஞ்சம் வேற, அதுக்கு ஜேஐஎஸ்னு ஜப்பான் தரத்துல தனி ஸ்க்ரூட்ரைவர் இருக்கு. சாதாரணத வெச்சு அமுக்கித் திருப்பினா அது மேல ஏறி வழுக்கி தலைய வழிச்சிடும். ரெண்டு ஸ்க்ரூவுக்கே எனக்கு ஒரு சாயங்காலம் போச்சு.

கவர தூக்கினதும் பீம்ஸ்ப்ளிட்டர் தெரிஞ்சுது. இங்கதான் உங்க மேல எனக்கு நெசமாவே கோவம் வந்துச்சு.

உங்களுக்கு இது தெரியும், இல்ல தெரிஞ்சிருக்கணும், இருந்தாலும் பக்கத்துல நின்னு எட்டிப் பாக்கறவங்களுக்காக ஒரு தடவ சொல்லிடறேன். கண்ணு வெக்கற ஓட்டைக்கு நேரா ஒரு சின்ன கண்ணாடித் துண்டு 45 டிகிரி சாஞ்சு நிக்கும், அதுதான் பீம்ஸ்ப்ளிட்டர். அது மேல ஒரு பூச்சு, பாதி வெளிச்சத்த நேரா உள்ள விடும், மீதிய கண்ணாடி மாதிரி திருப்பி விடும். நேரா வர்றது நாம எடுக்கப் போற காட்சி. சின்ன ஜன்னல் வழியா வர்றது இன்னொரு கண்ணாடில பட்டு திரும்பி இங்க வந்து இதுல மோதி அதே காட்சி மேல ரெண்டாவது பிம்பமா விழும். லென்ஸ திருப்பினா உள்ள இருக்கற கை மாதிரி ஒரு லீவர் தள்ளி அந்த ஜன்னல் பக்கத்து கண்ணாடி ஒரு துளி அசையும், ரெண்டு பிம்பமும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்தா ஃபோகஸ். ரெண்டு கண்ண வெச்சு நம்ம மூளை தூரத்த கணக்கு போடற அதே வித்தைதான், என்ன, ரெண்டு ஜன்னலுக்கும் நடுவுல எவ்வளவு எடைவெளியோ அவ்வளவு துல்லியம். 1954ல வந்த லைக்கா எம்3ங்கற ஜெர்மன் கேமரால அந்த எடைவெளி 68.5 மில்லிமீட்டர், நம்மளுது மாதிரி குட்டி கேமரால அத விட கம்மி, அதனால இருக்கற பிம்பமாவது பளிச்சுன்னு இருக்கணும்.

அந்தப் பளிச்ச கொடுக்கறதே அந்த பூச்சுதான். நம்ம தலைமுடி தடிமன்ல ஆயிரத்துல ஒரு பங்கு கூட தேறாது அது. அத நீங்க தொடச்சிருக்கீங்க.

எப்படி தெரியும்னா, கண்ணாடியோட நாலு மூலைலயும் தங்கக் கலர் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு, பஞ்சு குச்சி எட்டாத எடம். நடுவுல மட்டும் வட்ட வட்டமா சுத்தி சுத்தி தேச்சதுல வெறும் கண்ணாடி, ஜன்னல் கண்ணாடி மாதிரி சுத்தமோ சுத்தம். இடது கீழ் மூலைல பஞ்சு நார் ஒண்ணு கூட சிக்கிக்கிட்டு ஆடிச்சு. பிள்ளையார் பிடிக்க குரங்கா போன கதை.

சரி, கோவம் எதுக்கு, உண்மைய சொல்லிடறேன். என்னோட மொத கேமராவுக்கு இதே கதிதான். ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல பஞ்சு குச்சிய நனைச்சு ஒரே ஒரு இழு இழுத்தேன், குச்சி நுனில மினுமினுன்னு பொன்னிறமா வந்துச்சு, எவ்வளவு அழுக்கு பாருன்னு சந்தோஷமா இன்னொரு குச்சி எடுத்தேன். மூணாவது குச்சில அழுக்கே வரல, நானும் நிம்மதியா கவர மூடிட்டேன். மூடினதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது குச்சில வந்தது அழுக்கு இல்லன்னு. அதனால உங்கள திட்ட எனக்கு அருகதை இல்ல. பஞ்ச கைல எடுத்துட்டா நம்ம கை சும்மா இருக்காது, அதான் விஷயம். வெளி ஜன்னலோட உள்பக்கம், கண்ணு வெக்கற லென்ஸோட உள்பக்கம், இந்த ரெண்ட மட்டும் தொடச்சாலே முக்காவாசி மங்கல் போயிடும், பீம்ஸ்ப்ளிட்டருக்கும் அந்த அசையற கண்ணாடிக்கும் ரப்பர் பலூன்ல காத்து ஊதறதோட நிறுத்திக்கணும். டப்பால அடைச்சு விக்கற காத்து கூட வேணாம், சாய்ச்சு புடிச்சா திரவமாவே வந்து விழும். அசையற கண்ணாடிக்கு வெள்ளிப் பூச்சு முன்பக்கமே இருக்கு, வீட்டு கண்ணாடி மாதிரி பின்னாடி பாதுகாப்பா இல்ல. படத்தோட எல்லைய காட்டற ஃப்ரேம் கோடு வெட்டின அந்த மெல்லிசு தகட்ட நீங்க தொடாம விட்டதுக்கு மட்டும் ஒரு கும்பிடு.

ஆனா அந்த வெள்ளை மங்கல் விஷயத்துல என்ன நல்லா ஏமாத்திட்டீங்க. கிரீஸ் ஆவின்னு நினைச்சு ஆல்கஹால் போட்டா அசையவே இல்ல. அப்புறம் பாத்தா பீம்ஸ்ப்ளிட்டர் அடில ஒரு கட்டி பசை, சூப்பர் க்ளூ. அது காயும்போது புகை விடும் அண்ணே, மூடின எடத்துல வெச்சா அந்தப் புகை பக்கத்துல இருக்கற கண்ணாடி எல்லாத்துலயும் வெள்ளையா படிஞ்சிடும். அதாவது மங்கல் அம்பது வருஷ வயசுனால வந்ததே இல்ல, நீங்க ஒட்டின அன்னிக்கு வந்தது. முன் ஜன்னல் பிளாஸ்டிக் இல்லன்னு நல்லா உறுதி பண்ணிட்டு தனியா கழட்டி எடுத்து அசிட்டோன் தொட்டுத் தொட்டு எடுத்தேன். பிளாஸ்டிக்கா இருந்திருந்தா அசிட்டோன் பட்ட எடம் வெந்து வெள்ளையாயிருக்கும்.

இனி புது பீம்ஸ்ப்ளிட்டர். பழச அளந்தா ஒரு மில்லிமீட்டர் கிட்ட தடிமன், அதே தடிமன்ல, பாதி வெளிச்சத்த மட்டும் உள்ள விடற அரைக்கண்ணாடி ஒரு தகடு வாங்கி கண்ணாடி கட்டர்ல கோடு போட்டு ஒடச்சேன். மொத துண்டு கோணலா போச்சு, ரெண்டாவது மூலை தெறிச்சுது, மூணாவத நல்லா ஒடச்சிட்டு கீழ போட்டுட்டேன். நாலாவதுதான் இப்ப உள்ள இருக்கு. பூச்சு எந்தப் பக்கம்னு கண்ணுக்கு தெரியாது, அதுக்கு ஒரு வழி இருக்கு, பென்சில் முனைய கண்ணாடிகிட்ட கொண்டு போனா பூச்சு இருக்கற பக்கத்துல முனையும் பிம்பத்தோட முனையும் ஒட்டிக்கும், இல்லாத பக்கத்துல நடுவுல சின்ன எடைவெளி விழும். தொட வேணாம், கிட்ட போனாலே தெரிஞ்சிடும். பழைய துண்டுலயும் மூலைல மிச்சம் இருந்த தங்கத்த வெச்சு இதே மாதிரி பாத்து, பூச்சு எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சோ அப்படியே வெச்சு எபாக்ஸி பசைல ரெண்டு புள்ளி. ஒரு ராத்திரி முழுக்க கவர மூடாம காய விட்டேன்.

(லைக்கா எம் வெச்சிருக்கறவங்க சிரிக்க வேணாம். எம்3ல இந்த வேலைய கண்ணாடிப் பட்டகங்கள ஒண்ணா ஒட்டி செஞ்சிருப்பாங்க, ஒட்டினது கனடா பால்சம்ங்கற பிசின், கீழ விழுந்து ஒரு அடி பட்டு அது விட்டுப்போச்சுன்னா ஃபைண்டரே இருட்டாயிடும். அத வீட்டுல உக்காந்து மாத்தவும் முடியாது.)

அடுத்து அலைன்மென்ட், அதாவது ரெண்டு பிம்பத்தயும் சரியா ஒண்ணு மேல ஒண்ணு உக்கார வெக்கறது. மொதல்ல லென்ஸ் ஒழுங்கா இருக்கான்னு பாக்கணும், இல்லன்னா தப்பான லென்ஸுக்கு சரியா ரேஞ்ச்ஃபைண்டர திருப்பி வெச்சிருவோம். பின்கதவ தெறந்து ஃபிலிம் ஓடற தண்டவாளத்து மேல மங்கலான செல்லோடேப் இறுக்கி ஒட்டி, ஷட்டர 'B'ல (பட்டன அமுக்கற வரைக்கும் தெறந்தே இருக்கும்) வெச்சு, பட்டன அமுக்கிப் புடிக்கற கேபிள் போட்டு தெறந்தே வெச்சிக்கிட்டு, தூரத்து டவர ஒரு லென்ஸ் வெச்சு பெருசாக்கிப் பாத்தேன். லென்ஸ இன்ஃபினிட்டில, அதாவது ரொம்ப தூரத்துக்கான கடைசி குறில வெச்சப்போ டவர் கூர்மையா இருந்துச்சு, லென்ஸ் தப்பு பண்ணல. அப்புறம் அதே டவர ஃபைண்டர்ல பாத்தா புது பிம்பம் ஒரு ஆள் ஒசரத்துக்கு மேல மெதக்குது. மேல கீழ ஒரு ஸ்க்ரூ, இடது வலது ஒரு ஸ்க்ரூ, ஒண்ண திருப்பினா இன்னொண்ணு கொஞ்சம் நகரும், அத சரி பண்ணா இது போகும்.

அப்பதான் அண்ணே, இடது வலது ஸ்க்ரூ தலைலயும் பக்கத்து தகட்டுலயும் ஊசியால கீறின ஒரு கோடு பாத்தேன். கண்ணுக்கே தெரியாத மெல்லிசு கோடு, ரெண்டும் ஒண்ணா சேரற மாதிரி. திருப்பறதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சுன்னு குறிச்சு வெச்சிருக்கீங்க. பூச்ச வழிச்சவரா, ஸ்க்ரூ தலைய தின்னவரா இதுன்னு எனக்கு நம்பிக்கையே வரல. ஸ்க்ரூ உங்க கோட்டுல இருந்து கால் சுத்து தள்ளி நின்னுச்சு, நீங்களும் பிம்பத்த தேடித் தேடி திருப்பிப் பாத்திருக்கீங்க போல, பூச்சு போனதுக்கப்புறம் எங்க இருந்து வரும். நான் கோட்டுக்கு கோடு கொண்டு வந்து நிறுத்திட்டு கண்ண வெச்சேன், டவர் அகலவாக்குல அப்படியே பொருந்திடுச்சு. மேல கீழ மட்டும்தான் என் வேலை.

ராத்திரி நிலாவ வெச்சு இன்னொரு தடவ பாத்தேன், ரெண்டு நிலா நகர்ந்து வந்து ஒண்ணாச்சு. ஒரு மீட்டர்ல டேப் புடிச்சு அளந்து பாத்தா ஒரு மயிரிழை பின்னாடி விழுது, அத விட்டுட்டேன், அதுக்கு லென்ஸ் தள்ளற அந்த லீவர் கைய வளைக்கணும், இப்ப எனக்கு அந்த தைரியம் இல்ல. ஸ்க்ரூ மேல ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வெச்சு பூட்டிட்டேன். உங்க கோட்டு மேல படாம.

உங்க விரல் ரேகையையும் தொடைக்கல, அது எந்த கண்ணாடியையும் தொடல, இருந்துட்டு போகட்டும்.

கடைசியா ஒரே ஒரு கேள்வி, பதில் தெரிஞ்சா புண்ணியமா போகும். எல்லாத்தையும் மாட்டி முடிச்சப்புறம் தட்டுல ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கு. கருப்பு கலர், தட்டைத் தலை, ரெண்டு மில்லிமீட்டர் கூட நீளம் இருக்காது. ஒரு ஓட்டை விடாம தேடிட்டேன், எங்கயும் காலியா இல்ல. தலை வழியாம இருக்கறத பாத்தா உங்க கை படாததுன்னு தோணுது, ஆனா நான் கழட்டினதா எனக்கும் ஞாபகம் இல்ல. அது உங்களுதா, என்னுதா?