4 மணி 22 நிமிடம்

கொழிஞ்சாம்பாறை
8-12-2016

டேய் வேலி,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். போன மாதம் உன் அர்ஜென்டினா பிரேசிலிடம் 3-0 வாங்கிய அன்று போனை அணைத்தவன் இன்னும் திறக்கவில்லை என்றால், பனியன் கம்பெனியில் ஓவர்டைம் என்று எடுத்துக்கொள்கிறேன். அம்மா உன்னை விசாரித்தாள். பாப்பா காதுகுத்துக்கு நான் வராததற்கு ஹர்த்தால், பஸ், நோட்டுத் தட்டுப்பாடு என்று நூறு காரணம் சொல்லலாம். ஒன்றும் நிஜமில்லை. உன் முகத்தைப் பார்த்தால் வாய் தவறிச் சொல்லிவிடுவேனோ என்ற பயம். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். கையெழுத்தைக் கிண்டல் செய்யாமல் படி.

முதலில் ஊர்ச் சேதி. திங்கள் ராத்திரி ஜெயலலிதா போனதும் பொள்ளாச்சி பஸ் நின்றது. கோபாலபுரம் செக்போஸ்டில் லாரிகூட இல்லை. இந்தப் பக்கமும் செவ்வாய்க்கிழமை லீவு விட்டார்கள். டீக்கடைச் சேட்டன் கடையைச் சாத்திவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு, படம் வைத்து, செண்டுமல்லி மாலையும் போட்டான். அதற்கு ஒரு வாரம் முன்பே நம் பசங்கள் அதே கடைச் சுவரில் ஒரு பச்சைத் தாளை ஒட்டி, கீழே மெழுகுவர்த்தி வைத்திருந்தார்கள். பால் ஊற்ற வந்த ஆத்தா ஒருத்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது எந்தக் கட்சி கண்ணு?" என்றாள். "ஃபுட்பால் ஆடற பசங்க ஆத்தா, ஏரோப்ளேன்ல போனவங்க" என்றான் ஒருத்தன். "அடப் பாவமே, எத்தனை பேரு?" 71 என்றதும் அவள் ஒன்றும் பேசவில்லை. மாலையிலிருந்து உதிர்ந்த இரண்டு பூவை எடுத்து இந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த பிரேசில் டீம் போன விமானம் விழுந்த சேதி எனக்கு வந்தது ஹர்த்தாலுக்கு மறுநாள் காலை. சொசைட்டியில் பாலை அளந்துகொண்டிருந்தேன். அவர்களுக்கு அது 28-ஆம் தேதி ராத்திரி. முதலில் அவர்கள் கீப்பர் டானிலோ உயிரோடு இருக்கிறான் என்று வாட்ஸப்பில் வந்தது. லாக்டோமீட்டரைப் போட்டுவிட்டுக் கத்தினேன். பிறகு, ஆஸ்பத்திரியில் போய்விட்டான் என்று வந்தது. வரிசையில் நின்றவர்கள் என் வீட்டில்தான் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்தார்களாம்.

உனக்கு அந்த டீம், ஷாபெகோயன்ஸ், தெரியாது, மெஸ்ஸி அங்கே ஆடவில்லையே. இரண்டு லட்சம் பேர் உள்ள ஊர். கோழிக்கறி, பன்றிக்கறி கம்பெனிகள்தான் பிழைப்பு. நம் பல்லடம் என்று வைத்துக்கொள். 2009-இல் பிரேசிலின் நாலாம் டிவிஷனில் இருந்த டீம். 2014-இல் முதல் டிவிஷன். இந்த வருஷம் தென் அமெரிக்க க்ளப்புகளின் கோபா சுடமெரிகானா கோப்பையில் ஃபைனல். பல்லடம் டீம் அப்படி ஏறினால் நீ எப்படிக் குதிப்பாய்! அரையிறுதியில் எதிரே உங்கள் அர்ஜென்டினா ஆட்கள், சான் லொரென்சோ, போப் பிரான்சிஸின் டீம். அங்கே 1-1. இங்கே 0-0-வில் கடைசி நிமிடம். ரொம்பக் கிட்டத்திலிருந்து ஒருத்தன் அடிக்கிறான். அது கோல் ஆனால் ஷாபே காலி. டானிலோ வலது காலை நீட்டினான் பார்! நம் கோச் மாஷ் நம்மிடம் தொண்டை கிழியக் கத்துவாரே, கை போகாத இடத்துக்குக் கால் போகட்டும் என்று, அதே கால். அந்த வீடியோவை நாற்பது தடவை பார்த்திருப்பேன். கீப்பரைத் தவிர வேறு எவனுக்கும் அது புரியாது. உனக்குக் கண்டிப்பாகப் புரியாது.

விபத்துக்கு மறுநாள் மாலை நம் பொடியன் கீப்பர் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டான்: "மாஷே, அந்தப் பந்தை அவரு விட்டிருந்தா டீம் தோத்திருக்கும். தோத்திருந்தா ப்ளேன் ஏறியிருக்க மாட்டாங்க. அப்படித்தானே?"

பதின்மூன்று வயசு. என்ன சொல்லச் சொல்கிறாய்? "போய் கோல்ல நில்லுடா" என்றேன். அரை மணி நேரம் நிறுத்தாமல் அடித்தேன். அவனும் விடாமல் பாய்ந்தான். இருட்டின பிறகும் அடித்தேன். கடைசியில் பந்து தெரியவில்லை, அவன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

பேப்பரில், டிவியில், ராத்திரி போனில் என்று இந்தப் பத்து நாளாக வேறு எதையும் நான் படிக்கவில்லை. எதிர் டீம் அட்லெட்டிகோ நாசியோனலும் பச்சைதான், தெரியுமா? கோப்பையை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை அப்படியே அறிவித்தும் விட்டார்கள். ஃபைனல் நடக்க வேண்டிய நேரத்தில் கொலம்பியாவில் அவர்களுடைய மெடெலின் ஸ்டேடியம் வெள்ளைச் சட்டைக்காரர்களால் நிரம்பியது. வெளியே அதைவிடக் கூட்டம். ஆட்டம் இல்லை, பந்து இல்லை, கையில் மெழுகுவர்த்தி. ஷாபே ஊரில் 3-ஆம் தேதி கொட்டுகிற மழையில் சவப்பெட்டி சவப்பெட்டியாக மைதானத்துக்குள் தூக்கிவந்தார்கள். டானிலோவின் அம்மாவிடம் ஒரு டிவிக்காரன் பேட்டி எடுத்தான். விமானத்தில் பத்திரிகைக்காரர்கள் மட்டும் இருபது பேர் இறந்திருந்தார்கள் இல்லையா, அந்த அம்மா பேட்டி எடுக்க வந்தவனிடமே, உன் ஆட்களை இழந்துவிட்டு நீ எப்படிப்பா இருக்கிறாய் என்று கேட்டுக் கட்டிக்கொண்டாள். நான் கொல்லைப் பக்கம் போய்விட்டேன். வீட்டுக்காரி வந்து பார்த்து, ஒன்றும் கேட்காமல் திரும்பிவிட்டாள்.

இதெல்லாம் துக்கம். அழுதால் ஆறும். ஆறாத ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அந்த விமானம் விழுந்து தீப்பிடிக்கவே இல்லை. பிடிக்க எண்ணெய் இருந்தால்தானே. பொலிவியாவில் கிளம்பும்போது கொடுத்த தாளில் பயண நேரம் 4 மணி 22 நிமிடம். எண்ணெய் எவ்வளவு நேரம் தாங்கும் என்ற இடத்திலும் அதே 4 மணி 22 நிமிடம். சொட்டுகூட மிச்சம் இல்லை. விமானத்தில் எப்போதும் கூடுதலாக வைத்திருக்க வேண்டும், சட்டமே உண்டு. நடுவில் இறங்கி ஊற்றிக்கொள்ளாமல் ஒரே தம்மில் போய்விடலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள். ஓட்டினவரே அந்தச் சின்னக் கம்பெனியில் பங்குக்காரர். ஏர்போர்ட்டுக்கு இருபது கிலோமீட்டர்கூட இல்லை, மலையில் விழுந்துவிட்டது. டீக்கடையில் அந்த ஆளை நான் திட்டாத திட்டு இல்லை. நாலு காசு மிச்சம் பிடிக்க 71 உயிரா என்று மேஜையைத் தட்டினேன்.

அப்போது நம் சூடானி பக்கத்தில் இருந்தான். (இந்த சீசனுக்கு ஆட வந்தவன். ஐவரி கோஸ்ட்காரன், ஆனால் நமக்கு ஆப்பிரிக்காவிலிருந்து யார் வந்தாலும் சூடானிதானே.) அரைகுறை மலையாளத்தில் சாம்பியா கதையைச் சொன்னான். 1993 ஏப்ரல். வேர்ல்டு கப் தகுதி ஆட்டத்துக்குப் போகச் சாம்பியா டீமுக்கு நல்ல விமானத்துக்குக் காசு இல்லை. பட்டாளத்து விமானம், பழையது. அங்கங்கே இறங்கி எண்ணெய் ஊற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவின் பாதியைத் தாண்ட வேண்டும். லிப்ரெவிலில் கிளம்பியதும் ஒரு எஞ்சின் போனது, பைலட் தவறிப் போய் நன்றாக ஓடின எஞ்சினை அணைத்துவிட்டார். முந்தின நாள்தான் மொரீசியஸிலிருந்து டீமை ஓட்டி வந்தவர், அலுப்பு. 30 பேரும் கடலில். ஹாலந்தில் ஆடிக்கொண்டிருந்த கலுஷா புவாலியா தனியாக வருவதாக இருந்ததால் தப்பினார். 2012-இல் அதே லிப்ரெவிலில் ஆப்பிரிக்கக் கோப்பை ஃபைனல். சாம்பியா கடற்கரையில் பூப்போட்டுவிட்டு வந்து ஆடியது. பெனால்டியில் 8-7. தோற்றது யார்? ஐவரி கோஸ்ட். "அன்னைக்கு மட்டும் எனக்குத் தேஷ்யம் வந்நில்லா", கோபமே வரவில்லை என்றான் சூடானி.

எல்லாரும் ஆகா என்றார்கள். எனக்கு அந்தக் கோப்பை காதில் ஏறவில்லை. முந்தின நாள் ஓட்டி வந்தவர், அலுப்பு. அது மட்டும் ஏறிவிட்டது.

சொல்லிவிடுகிறேன். போன மாதம் 19-ஆம் தேதி. பெரிந்தல்மண்ணா தாண்டி ஒரு ஊரில் பொடியன்களுக்கான செவன்ஸ், ஏழு பேர் ஆடும் ஃபுட்பால். க்ளப் காசு கூட்டுறவு பேங்கில் மாட்டிக்கொண்டது, கையில் இரண்டே இரண்டு இரண்டாயிரம் நோட்டு. வழக்கமான இரண்டு ஜீப்பை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பேசினேன். வாடகையிலும் 700 குறைத்துத் தருகிறேன் என்றான் ஒரு பையன். முந்தின ராத்திரி முழுக்க அவன் கல்யாண ஓட்டம் போய் வந்தது எனக்குத் தெரியும். தெரிந்தே பேசினேன். எட்டுப் பேர் உட்காரும் ஜீப்பில் பொடியன்கள் 13, நான், அவன், பந்து மூட்டை.

திரும்பும்போது ராத்திரி 1.40. மண்ணார்க்காடு தாண்டியாயிற்று. இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. சத்தமே இல்லாமல் காற்று மட்டும், சுகமாகக்கூட இருந்தது. கீப்பர் பொடியன் என் தோளில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். திடீரென்று டயர்ச் சத்தம் மாறியது. தார் ரோட்டுச் சத்தம் போய்ச் சரளைச் சத்தம். திரும்பினால், டிரைவரின் தாடை நெஞ்சில் கிடக்கிறது.

இருபது வருஷமாக ஓட்டைக்கை ஓட்டைக்கை என்று கூப்பிடுகிறீர்களே, அன்றைக்குப் பிடித்தேன்டா. ஸ்டியரிங்கை. ஜீப் ஒரு சின்னப் பாலத்தின் கட்டையை உரசி, இடது பக்கச் சக்கரம் இரண்டும் ஓடையில் இறங்கி நின்றது. கட்டையில் அடித்திருந்த சுண்ணாம்பு ஜீப்பின் பக்கவாட்டில் வெள்ளையாக இழுத்துவிட்டிருந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல்: "மாஷே, ஊர் வந்துருச்சா?"

"இல்லடா. ஒண்ணுக்குப் போறவங்க எறங்கிப் போயிட்டு வாங்க" என்றேன். எல்லாரும் இறங்கி ரோட்டோரம் வரிசையாக நின்றார்கள். பின்னாலிருந்து எண்ணினேன். 13. மறுபடி எண்ணினேன். 13. டிரைவர் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே அழுதான். பேசின வாடகையைக் குறைக்காமல் கொடுத்தேன். பேசாமல் இருக்கட்டும் என்றுதான் கொடுத்தேன் என்பது இப்போது புரிகிறது. ஒரு பொடியனின் அப்பனிடமும் இதுவரை சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில். இந்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டிருக்கிறேன். என்ன ஆகுமோ தெரியாது. நாலு பேர் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள், நியாயம்தான்.

நிறுத்தாதவர்களுக்கு 24-ஆம் தேதி, சனிக்கிழமை, அதே பக்கம் மேட்ச். பொடியன்களுக்குப் பச்சை பனியன் வேண்டுமாம், நெஞ்சில் ஷாபே என்று எழுதி. "திருப்பூர் மாமாவைக் கேளுங்க மாஷே" என்று நச்சரிக்கிறார்கள். கேட்க மாட்டேன். பழைய மஞ்சள் பனியனே போதும். அந்தக் காசுக்கு இரண்டாவது ஜீப்பு வாடகையில் பாதியை அனுப்பு. செக்காகவே அனுப்பு, நோட்டு வேண்டாம். முடிந்தால் உன் மச்சினன் வேனைக் கேட்டுப் பார். அவன் முந்தின ராத்திரி வீட்டில் படுத்துத் தூங்கியிருக்க வேண்டும். இதை நீயே நேரில் போய்ப் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும், அவன் வாயால் சொன்னால் நம்ப மாட்டேன்.

மத்தியானம் 2 மணிக்குக் கிளம்புகிறோம். நீ வருவதானால் முன் சீட் உனக்கு. ராத்திரி திரும்பும்போது மெஸ்ஸியைப் பற்றிப் பேசிக்கொண்டே வா, எந்த டிரைவரும் தூங்க மாட்டான்.

உன்
ஓட்டைக்கை