கரபோரில் ஒரு வங்கிக்காரரை உட்காரவையுங்கள்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் கதையையும் ஊர்களையும் வடிவமைக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

பத்து வருஷத்துக்கும் மேலான கோபத்தை இப்போது எதற்குக் கிளறுகிறாய் என்று என் கில்டில், அதாவது விளையாட்டில் என்னோடு சேர்ந்து ஆடும் குழுவில், இருப்பவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மிட்நைட் எக்ஸ்பான்ஷனில் (விளையாட்டுக்கு நீங்கள் அவ்வப்போது சேர்க்கும் பெரிய புதுப் பகுதி) சில்வர்மூன் நகரைப் புதிதாகக் கட்டியெழுப்புவதாக நீங்கள் அறிவித்த நாளிலிருந்து எனக்குள் ஒரு பழைய பயம் எட்டிப் பார்க்கிறது. அந்தப் பயத்துக்குப் பெயர் கரபோர்: எங்கள் தலைநகரம் என்று மேடையில் காட்டிவிட்டு நீங்கள் பின்வாங்கிய கோயில்.

விளையாட்டில் நான் டிரனாய் இனம். 2007 ஜனவரியில் பர்னிங் க்ரூசேட் எக்ஸ்பான்ஷன் வந்தபோது உருவாக்கிய பிரீஸ்ட், அதாவது பூசாரிப் பாத்திரம், இன்னும் என்னிடம் இருக்கிறாள். இந்த மடலில் ‘நான்’ என்று வருகிற இடங்களில் பாதி அவள், பாதி நான். பிரித்துப் பார்க்க எனக்கே இப்போது வருவதில்லை.

டிரனாய்களுக்குச் சொந்த ஊர் என்று நீங்கள் கொடுத்தது எக்ஸோடார். வானத்திலிருந்து விழுந்து நொறுங்கிய கப்பல் அது. உள்ளே ஊதா வெளிச்சம், படிகங்கள், சுற்றிச் சுற்றி இறங்கும் பாதைகள். ஆக்‌ஷன் ஹவுஸ் (ஏலக்கூடம்) இருந்தது, வங்கி இருந்தது, ஆள்தான் இல்லை. விளையாட்டின் இரண்டு அணிகளில் எங்களுடையது அலையன்ஸ்; அதன் ஆட்கள் அத்தனை பேரும் ஸ்டார்ம்விண்டிலோ அயர்ன்ஃபோர்ஜிலோ கிடந்தார்கள். நானும் அங்கேதான் கிடந்தேன். குறை சொல்லத் தோன்றவில்லை, ஏனென்றால் கதைக்கு அது பொருந்தியது. ஓடி வந்தவர்களுக்கு உடைந்த கப்பல்தானே வீடாக அமையும்.

அதே வருஷம் மே மாதம் பிளாக் டெம்பிள் ரெய்டைத் திறந்தீர்கள்; பலர் கூடிப் பெரிய எதிரிகளை வீழ்த்தும் இடம். இருபத்தைந்து பேர், ஒன்பது பாஸ்கள் (பெரிய எதிரிகள்), கடைசியில் இலிடான். அமெரிக்க சர்வரில் அவர்களுக்கு ராத்திரி என்றால் சென்னையில் விடிகாலை. காலை ஆறரைக்கு ரெய்டு, ஒன்பதரைக்கு ஆபீஸ். பிங், அதாவது சர்வருக்குப் போய்வரும் தாமதம், முந்நூறு மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கிய நாட்கள் எங்களுக்குத் தீபாவளி மாதிரி. தரையில் தீ தெரியும்போது அதில் நின்று ஏற்கெனவே செத்திருப்பேன். எத்தனை வாரம் போராடி இலிடானைச் சாய்த்தோம் என்பதைச் சொல்லி மானத்தை வாங்கிக்கொள்ள விரும்பவில்லை.

சாய்த்த பிறகு நடந்ததுதான் இந்த மடலுக்கு விதை. பாதிப் பேர் செத்தவனிடம் கிடைத்த லூட், அதாவது பரிசுப் பொருட்களைப் பார்க்கக் குனிந்திருந்தார்கள். அகாமா என்ற அந்த உருக்குலைந்த கிழட்டு டிரனாய், இந்த இருண்ட மண்டபங்களை ஒருநாள் மறுபடியும் ஒளி நிரப்பும் என்று சத்தியம் செய்தார். பிளாக் டெம்பிள் என்று நாங்கள் படியேறிய இடம் ஒரு காலத்தில் கரபோர் கோயில். டிரனாய்களின் ஆகப் புனிதமான இடம். ஓர்க் இனத்தார் அதைச் சூறையாடி, அவர்களின் மந்திரவாதி குல்டான் அதைக் கறுப்பாக்கிய கதை எல்லாம் எனக்கு அதற்கு முன்பே தெரியும். ஆனாலும் அந்த ஒரு வரி வேறு மாதிரி உள்ளே இறங்கியது. அன்று ஆபீஸுக்கு லேட்.

ஆறு வருஷம் கழித்து, 2013 நவம்பரில், உங்கள் ஆண்டு விழா மேடையில் வார்லார்ட்ஸ் ஆஃப் டிரானோரை அறிவித்தீர்கள். கரோஷ் என்ற ஓர்க் தலைவன் காலத்தில் பின்னோக்கிப் போகிறான், டிரனாய்களும் ஓர்க்குகளும் வாழ்ந்த டிரானோர் உலகம் இன்னும் உடையவில்லை, ஷேடோமூன் பள்ளத்தாக்கில் இன்னும் பச்சைத் தீ எரியவில்லை, கரபோர் இன்னும் வெள்ளையாக நிற்கிறது. அலையன்ஸுக்குத் தலைநகரம் கரபோர் என்றீர்கள். எதிரணியான ஹோர்டுக்கு ஃப்ராஸ்ட்ஃபயர் மலையிலிருக்கும் பிளேட்ஸ்பயர் கோட்டை. நான் விடிய விடிய உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அகாமாவின் சத்தியத்தை நீங்கள் நிறைவேற்றப் போகிறீர்கள் என்று நினைத்தேன். உங்கள் மனதில் அப்படி ஒரு கணக்கு இருந்ததா இல்லையா, தெரியாது. எங்களுக்கு இருந்தது.

பிறகு 2014-இல், வெளியீட்டுக்குச் சில மாதங்களே இருக்கும்போது, முடிவை மாற்றினீர்கள். தலைநகரங்கள் அஷ்ரானுக்குப் போகின்றன. அலையன்ஸுக்கு ஸ்டார்ம்ஷீல்ட், ஹோர்டுக்கு வார்ஸ்பியர். அஷ்ரான் என்பது இரண்டு அணிகளும் அடித்துக்கொள்வதற்காகவே உண்டாக்கிய தீவு.

எங்கள் ஊர்ப் பக்கம் மனை விற்பவர்கள் ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தே நிமிடம்’ என்று போர்டு வைப்பார்கள். நீங்கள் சொன்ன காரணத்தைப் படித்ததும் எனக்கு அந்த போர்டுதான் ஞாபகம் வந்தது. போர்க்களத்திலிருந்து ஐந்தே நிமிடம். இரண்டு தலைநகரமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அஷ்ரானில் எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும், சண்டை சூடாக இருக்கும் என்பது உங்கள் வாதத்தின் சாரம். காகிதத்தில் சரியாகத்தான் இருந்திருக்கும். மாதிரி வீட்டில் பளிங்குத் தரையைக் காட்டிவிட்டு, சாவி கொடுக்கும் அன்று வேறு தெருவுக்குக் கூட்டிப்போனால் வாங்கியவன் என்ன நினைப்பான் என்பது மட்டும் அந்தக் காகிதத்தில் இல்லை.

ஸ்டார்ம்ஷீல்டைப் பற்றி ஒரு வார்த்தை. மோசமான இடம் என்று சொல்ல மாட்டேன். கல் சுவர், கொடிகள், வங்கி, ஏலம், ஸ்டார்ம்விண்டுக்கும் அயர்ன்ஃபோர்ஜுக்கும் டார்னஸஸுக்கும் போர்ட்டல்கள். ஒரு ராணுவ முகாமில் என்னென்ன வேண்டுமோ அத்தனையும் இருந்தது. அங்கே யார் பிறந்தார்கள், யாருக்கு என்ன நடந்தது, அந்தச் சுவரை யார் எதற்காகக் கட்டினார்கள் என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. கதையில் வேரே இல்லாத ஊர்.

சரி, ஆள் நடமாட்டமாவது வந்ததா? அதே எக்ஸ்பான்ஷனில்தான் ஆளுக்கொரு கேரிசனும், அதாவது தனி முகாமும், கொடுத்தீர்கள். அலையன்ஸுக்கு லூனார்ஃபால், ஹோர்டுக்கு ஃப்ராஸ்ட்வால். சுரங்கம் உள்ளே, மூலிகைத் தோட்டம் உள்ளே, வேலைக்குப் போய்வர அடியாட்கள் உள்ளே. காலையில் லாக்-இன் செய்து, தோட்டத்தில் பறித்து, சுரங்கத்தில் தோண்டி, அடியாட்களை அனுப்பிவிட்டு லாக்-அவுட். பக்கத்தில் இன்னொரு மனிதரைப் பார்க்காமல் மாதக்கணக்கில் விளையாட முடிந்தது. ஏலம் போட மட்டும் ஸ்டார்ம்ஷீல்டுக்கு ஓடுவோம், போட்டதும் திரும்பிவிடுவோம். ஆக, கூட்டத்துக்காக ஊரை மாற்றினீர்கள், கூட்டத்தைக் கேரிசனுக்குள் நீங்களே பூட்டினீர்கள். ஒரு கையால் பந்தல் போட்டு மறு கையால் பிரித்த கணக்கு.

அந்த எக்ஸ்பான்ஷன் வந்தபோது சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். 2015 மார்ச் முடிவில் 71 லட்சம். எல்லாரும் கரபோருக்காக வெளியேறினார்கள் என்று சொல்லுமளவுக்கு நான் கண்மூடி இல்லை. செய்ய வேலை இல்லை, பறக்கவும் விடவில்லை, புது உள்ளடக்கமும் மெதுவாக வந்தது. ஆனால் வெளியே போகிறவனைக் கையைப் பிடித்து நிறுத்த ஒரு ஊர் இருந்திருக்கலாம். மாதம் பதினைந்து டாலர், அன்றைய கணக்கில் தொள்ளாயிரத்துச் சொச்சம் ரூபாய். அதை எதற்குக் கட்டுகிறேன் என்று வீட்டில் கேட்டால் ஸ்டார்ம்ஷீல்டைக் காட்டி என்ன சொல்வது?

இதில் எனக்கு உண்மையில் ஆறாத விஷயம் வேறு. நீங்கள் கரபோரைக் கட்டாமல் விட்டிருந்தால் மறந்திருப்பேன். கட்டினீர்கள். அற்புதமாகக் கட்டினீர்கள்! எப்போதும் ராத்திரியாக இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரத்தில், கடலைப் பார்த்தபடி, நிலா வெளிச்சத்தில் நிற்கிறது. ஷேடோமூன் கதை முழுக்க எங்களை அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்தக் காலத்து ஓர்க் படையான அயர்ன் ஹோர்டின் கப்பல்கள் வருகின்றன, படிக்கட்டுக்குப் படிக்கட்டு சண்டை, டிரனாய்களின் தலைவர் வேலன் தன் உயிரைக் கொடுத்து, இருண்டுபோன நாரு என்ற ஒளி உயிரை ஒளிக்குத் திருப்புகிறார். நான் திரைக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். 2007-இல் நான் தீயில் நின்று செத்த அதே மண்டபங்கள், இந்த முறை வெளிச்சத்தோடு.

ஒரு ஊருக்காக இவ்வளவு ரத்தம் சிந்த வைத்துவிட்டு, க்வெஸ்ட் (கதையில் எங்களுக்குத் தந்த பணி) முடிந்ததும் ‘நன்றி, அடுத்த பகுதிக்குப் போகலாம்’ என்றீர்கள். மறுநாள் திரும்பிப் போனேன். கல்யாணம் முடிந்து எல்லாரும் பஸ் ஏறிப்போன பிறகு மண்டபத்துக்குள் தனியாக நுழைந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. விளக்கு எரிகிறது, காவலுக்கு ஆள் நிற்கிறார்கள், அங்கே செய்ய மட்டும் எதுவுமில்லை.

என் அத்தை மகன் ஹோர்ட். ஓர்க் வாரியர். எங்களுக்குள் பதினெட்டு வருஷமாக இதே சண்டை. அந்த ஒரு வருஷம் மட்டும் ஒற்றுமையாக இருந்தோம். “உனக்காவது கோயில்டா. எங்களை ஓர்க் தலைவர் டுரோட்டான் கூடப் போயி ஓகர்கிட்டேர்ந்து கோட்டையப் பிடிக்க வெச்சாங்க. பிடிச்சுக் குடுத்ததும், சரி கிளம்புங்கன்னுட்டாங்க” என்றான். பிளேட்ஸ்பயரின் அந்தப் பிரம்மாண்டக் கூடத்தில், ஓகர் அளவுக்குச் செய்த நாற்காலிகளுக்கு நடுவே, ஹோர்ட்காரர்கள் குளிர் காய்ந்துகொண்டு கதை பேசியிருக்கலாம். அவர்களுக்கு வாய்த்தது வார்ஸ்பியர்.

தமிழில் ‘ஊருக்குப் போறேன்’ என்று சொன்னால் எந்த ஊர் என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். சென்னையில் முப்பது வருஷம் இருந்தவருக்கும் ஊர் என்றால் ஆற்றோரத்தில் எங்கோ பூட்டிக் கிடக்கும் ஒரு வீடுதான். அங்கே ஏடிஎம்கூட இருக்காது. உங்கள் விளையாட்டிலேயே இந்த எண்ணத்துக்கு ஒரு பொருள் வைத்திருக்கிறீர்கள்: ஹார்த்ஸ்டோன். பையில் கிடக்கும் அந்தக் கல்லை அழுத்தினால் வீட்டுக்குப் போகலாம். டிரானோரில் அதை எங்கே கட்டிவைப்பது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

நீங்கள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது பொய். 2018-இல் பொராலஸைக் கொடுத்தீர்கள். மீன் நாற்றம் மூக்கில் ஏறுவது மாதிரி ஒரு துறைமுகம். ஹோர்டுக்கு டஸார்’அலோர். தங்கப் பிரமிடு, ஏறி இறங்கியே கால் ஓய்ந்துவிடும் என்று அத்தை மகன் புலம்புவான், ஆனாலும் ஊரை விட்டுக்கொடுத்துப் பேச மாட்டான். ஊர் என்றால் அப்படித்தான், திட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதே வருஷம் நைட் எல்ஃப்களின் தலைநகரம் டார்னஸஸ் இருந்த டெல்ட்ராசில் என்ற பெருமரத்தை எரித்தீர்கள். தொள்ளாயிரத்துச் சொச்சம் பேரைக் காப்பாற்று, மூன்று நிமிடம் என்று ஒரு க்வெஸ்ட் கொடுத்து, முடியாது என்பதை எங்கள் கையாலேயே தெரிந்துகொள்ள வைத்தீர்கள். அதற்கு ஈடாக நைட் எல்ஃப்களுக்குப் பெல்’அமெத் என்ற புது ஊர் கிடைக்க ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனது. மரம் அழகு, இலை அழகு, தண்ணீர் அழகு. நான் போகும்போதெல்லாம் ஊர் தூங்கிக்கொண்டிருக்கிறது. டார்னஸஸில் தொடங்கிய என் தோழி ஒருத்தி அங்கே ஒருமுறை சுற்றிவிட்டு, “கெஸ்ட் ஹவுஸ் மாதிரி இருக்கு” என்றாள். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது சில்வர்மூன், ஹோர்ட் அணியின் பிளட் எல்ஃப்களுடைய ஊர். 2007-இலிருந்து பாதி இடிந்தபடியே கிடந்த நகரம், நடுவில் ‘சாவின் தழும்பு’ என்ற அழிவுத் தடம், பறக்கக்கூட முடியாத வானம். அதைச் சரிசெய்வது நல்ல காரியம். இரண்டு அணியும் அங்கே வரலாம் என்கிறீர்கள். நான் அலையன்ஸ், எனக்கு லாபம்தான். இருந்தும் சொல்கிறேன். நான் விருந்தாளியாகவே வருகிறேன். வீட்டுக்காரரைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு எனக்குக் கூடத்தில் பாய் விரிக்காதீர்கள். எந்தத் தெரு தங்களுக்கே இருக்க வேண்டும் என்று பிளட் எல்ஃப் ஆடுபவர்களைக் கேளுங்கள். பதினெட்டு வருஷமாக அந்த ஆளில்லாத தெருக்களில் விடாமல் நடந்தவர்கள் அவர்கள்தான். இன்னொன்று, மேடையில் காட்டியதை மாற்ற நேர்ந்தால், காட்டியபோது இருந்த அதே சத்தத்தோடு மாற்றுங்கள். கரபோர் போனதை நான் ஒரு கில்ட் சாட்டில், ரெய்டுக்கு நடுவில், யாரோ போகிறபோக்கில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கரபோருக்காக நான் கேட்பது பெரிய விஷயமில்லை. பழைய எக்ஸ்பான்ஷன்களுக்கு அனுப்பிவைக்கும் பாத்திரமான குரோமியிடம் சொல்லி டிரானோரில் லெவல் ஏற்றுகிற புதியவர்கள் இன்றும் அந்தப் படிக்கட்டில் ஏறுகிறார்கள். அவர்களுக்காகவாவது கோயிலின் ஒரு மூலையில் ஒரு வங்கிக்காரர், ஒரு ஏலக்காரர், ஸ்டார்ம்விண்டுக்கு ஒரு போர்ட்டல். பிளேட்ஸ்பயரில் ஒரு அடுப்பு, அதைச் சுற்றி நாலு கடை. புதுச் சுவர் எழுப்ப வேண்டாம், புதுக் கதை எழுத வேண்டாம். பழைய அகாமாவை ஒரு நாள் அந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்த முடிந்தால், காலவரிசை எப்படி என்று நான் கேட்க மாட்டேன்.

என் பிரீஸ்ட் கரபோரின் மேல் படிக்கட்டில், கடலைப் பார்த்தபடி லாக்-அவுட் ஆகியிருக்கிறாள். வங்கிக்காரரை அனுப்பினால் முதல் வாடிக்கையாளர் அவள்தான். 2007-இலிருந்து சேர்த்து வைத்த குப்பை நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
காலை ஆறரை மணி ரெய்டுக்கார டிரனாய் ஒருவர்,
சென்னை